அணில் கூடும் நாலு ஸ்பிரிங்கும்

அத்தியாயம் 11

அபிஷேக் அனுப்பியிருந்த செய்தி ஒரே வரிதான்.

“சனிக்கிழமை சாயங்காலம் வரேன். கார எடுத்துக்கறேன்.”

காரை எடுத்துக்கொள்கிறானாம். ஸ்ருதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை.

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்த்திப் படித்தாள். மறுபடி கவிழ்த்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் அம்மா பிராமி எழுந்து வந்தபோது, சமையலறை அலமாரி டப்பாக்கள் எல்லாம் தரைக்கு இறங்கியிருந்தன. ஸ்ருதி ஸ்டூல் மேல் நின்று தட்டுகளுக்குக் காகிதம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி இது? தீபாவளியா வருது?”

“சும்மா இருக்க முடியலம்மா.”

“அவன் வந்தா வரட்டும். அதுக்கு எங்க பருப்பு டப்பா இன்னா பண்ணுச்சி?”

ஸ்ருதி கடைசித் தட்டுக்கும் காகிதம் போட்டு முடித்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி, ஈரத்துணியை எடுத்து ஜன்னல் கம்பிகளைத் துடைக்கப் போனாள்.

அபிஷேக்கோடு சண்டை நடந்த நாளை அவள் இன்னும் மறக்கவில்லை. ஓரகடத்தில் ஒரே உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பழகி, இரண்டு வீட்டு சம்மதத்தோடும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவளும் அபிஷேக்கும். ஒரு நாள் அவன் பெரிய அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே நான்கு சிவப்பு ஸ்பிரிங். தன்னுடைய பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை அவற்றைப் போட்டுத் தாழ்த்தப்போகிறேன் என்றான். “கார் தரையோட தரையா உக்காரணும் ஸ்ருதி. பாக்கறதுக்கே செமையா இருக்கும்.”

அன்று மதியம்தான் அவன் நண்பன் பிரவீன் போன் செய்து, “வாழ்த்துகள் சிஸ்டர், புனே எப்ப கெளம்பறீங்க?” என்று கேட்டிருந்தான். புனேவில் வேலை கிடைத்து, அதை ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்ட விஷயம் ஸ்ருதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

புனேவைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியவள் ஸ்பிரிங்கைப் பற்றிச் சண்டை போட்டாள். வார்த்தை தடித்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு புனேவுக்குப் போனான். அவள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்தாள். நிறுத்த வேறு இடமில்லாமல் காரும் கூட வந்தது. பெட்டியும் வந்தது. பிரிக்காமலே இருந்தது.

ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாகிவிட்டது. இனி துடைக்க எதுவும் இல்லை.

ஸ்ருதி கூடத்துக்கு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

“மண்டி சாவி குடுப்பா.”

சாந்திநாதன் வீட்டை ஒட்டியே நெல் மண்டி வைத்திருப்பவர். பேச்சு குறைவு. மூக்குக் கண்ணாடியை இறக்கி மகளைப் பார்த்தார். “இன்னா வேலை அங்க?”

“அந்த ஸ்பிரிங்க மாட்டப்போறேன்.”

அடுப்படியிலிருந்து பிராமி கரண்டியோடு வந்துவிட்டாள். “எந்த ஸ்பிரிங்க? சண்ட வந்துச்சே, அதையா?”

“அதத்தான்.”

“ஏண்டி, உட்டுட்டுப் போனவனுக்கு நீ சேவகம் பண்றியா? கார அலங்காரம் பண்ணி ஆரத்தி எடுத்து அனுப்பப்போறியா?”

“அவன் பொருள் எதுவும் இங்க அரைகுறையா கெடக்கக்கூடாதும்மா. முடிச்சிக் கையில குடுத்துட்டா, அப்புறம் திரும்பி வரதுக்கு ஒரு சாக்கும் இருக்காது.”

சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் அதில் பாதிதான் உண்மை என்று அவளுக்கே தோன்றியது.

“மெக்கானிக்குகிட்ட குடுத்துடேன்,” என்றார் சாந்திநாதன்.

“இந்த மாதிரி காருக்குன்னா மெட்ராஸ்லதான் செய்வாங்க. அவங்க கேக்கற காசுக்கு இன்னொரு பழைய கார் வாங்கிடலாம். ஜாக்கி நம்ம மண்டில இருக்குது. ஸ்டாண்டு இருக்குது. ஸ்பிரிங்க அமுக்கற கம்ப்ரஸர் மட்டும் இல்ல. அத ஐயம்பேட்டை ஜெயக்குமார் அண்ணன்கிட்ட வாடகைக்கு வாங்கிக்கறேன்.”

“நீ முன்ன செஞ்சிருக்கியா?”

“ஸ்பிரிங்க அளந்து பாத்து பாஸ் பண்றதுதான்பா என் வேலை. கழட்டி மாட்டுனது இல்ல.”

சாந்திநாதன் சாவியை எடுத்தார். ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை. தானே எழுந்து செருப்பை மாட்டினார்.

---

மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் நெல் மூட்டைகள், மறுபக்கம் தார்ப்பாய்க்குக் கீழே கார். தார்ப்பாயை இழுத்ததும் தூசி எழுந்தது. கறுப்பு நிறம் மங்கிப் போயிருந்தது.

ஸ்ருதி பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தாள். முன்பக்கம் ஜாக்கியைத் தள்ளினாள். கார் மெல்ல உயர்ந்தது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, குலுக்கிப் பார்த்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றினாள். டார்ச்சை உள்ளே அடித்தவள், “அய்ய,” என்றாள்.

மட்கார்டின் உள்மூலையில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. சாக்கு நார், தேங்காய் நார், எங்கிருந்தோ பொறுக்கி வந்த பட்டுநூல் கழிவு. நடுவில் சரிகை இழை ஒன்று மினுங்கியது. ஸ்பானரின் நுனியால் அதைத் தொடப் போனாள்.

உருண்டை அசைந்தது.

“கைய எடு!” சாந்திநாதன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குனிந்து பார்த்தார். கண்கூட முழுதாகத் திறக்காத மூன்று அணில் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன.

“அவ்ளோதான். நிறுத்து.”

“அப்பா!”

“தாய் வந்து தூக்கிக்கினு போவட்டும். அதுவரைக்கும் வண்டி மேல கை வெக்காத.”

“கூட்ட அப்படியே எடுத்து மூட்டை மேல வெச்சிடலாமேப்பா. நோவாம எடுக்கறேன்.”

“நம்ம கை பட்டு, அது தேடி வராம போயிட்டா? மூணு உயிரு ஸ்ருதி.”

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. விளக்கில் பூச்சி விழும் என்று பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். அந்தச் சமண வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு சூரியனோடு முடிந்துவிடும்.

தகரக் கூரையின் விளிம்பில் தாய் அணில் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தியது. இறங்கி வரவில்லை. சாந்திநாதன் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஸ்ருதி கொட்டகையின் குறுக்கே நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

“நீ அப்படி நடந்துக்கினே இருந்தா அது எப்படி எறங்கும்?”

“எல்லாத்துக்கும் நான்தான் காத்துக்கினு நிக்கணுமா? அவன் வர வரைக்கும் நில்லு. அணிலு எறங்கற வரைக்கும் நில்லு.”

சாந்திநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். “அவன் கார எடுக்க மட்டும்தான் வரான்னு நீயா ஏன் முடிவு பண்ணிக்கினே?” என்றார் கடைசியில்.

“அவன்தான் எழுதியிருக்கானே.”

“எழுத வராதவங்க இருக்காங்கம்மா.”

அவளுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. “நான் ஐயம்பேட்டை போய் வந்துடறேன். அதுக்குள்ள உன் அணில்கிட்ட பேசி முடிச்சி வெய்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

---

பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்தது. டிரைவர் “ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை” என்று நிதானமாகக் கூவிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலைக் கடைப் பைகளோடு போகிறவர்கள் எல்லோரும் வேறு எங்கோ போகிறவர்கள். ஸ்ருதி இரண்டு முறை இறங்கி, இரண்டு முறை ஏறினாள்.

“காலி சீட்டுக்கும் நானே குடுத்துடறேண்ணா. கெளம்புங்க.”

டிரைவர் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்காம்மா?”

“இல்ல. மெக்கானிக் கடைக்கு.”

ஜெயக்குமார் தன் கடையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்து, இரண்டு கொக்கிகளும் நடுவில் நீளமான திருகும் கொண்ட கம்ப்ரஸர் ஜோடியைச் சாக்கில் போட்டார்.

“எதிரும் புதிருமா மாட்டணும். ரெண்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரு பக்கமா முறுக்குனா வழுக்கிடும்.” சாக்கை நீட்டியவர் உடனே விடவில்லை. “அமுக்கி வெச்ச ஸ்பிரிங்கு பக்கம் மூஞ்ச கொண்டுபோவாதம்மா. அது மனுசன் இன்னாருன்னு பாக்காது.”

திரும்பி வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. சாந்திநாதன் அதே மூட்டை மேல், அசையாமல் உட்கார்ந்திருந்தார். விரலை உதட்டில் வைத்தார். தாய் அணில் மட்கார்டுக்குள் நுழைந்து, கடைசிக் குட்டியின் வயிற்றுத் தோலை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. குட்டி அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. டயர் மேல் தாவி, மூட்டைகள் மேல் தாவி, சுவரோடு ஏறி, கூரை இடுக்குக்குள் மறைந்தது.

அவ்வளவு அவசரத்திலும் ஸ்ருதி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

“இப்ப ஆரம்பி,” என்று சாந்திநாதன் எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

---

இடது பக்கம் சண்டித்தனம் செய்தது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். ஸ்பானர் முனையில் இரும்புக் குழாயைச் செருகி, அப்பாவும் மகளும் சேர்ந்து தொங்கினார்கள். கிறீச்சென்று ஒன்று விட்டது, பிறகு இன்னொன்று. பிரேக் குழாயைத் தனியே கட்டி வைத்துவிட்டு, ஷாக் அப்சார்பரையும் அதைச் சுற்றியிருந்த ஸ்பிரிங்கையும் ஒன்றாகக் கீழே இறக்கினாள்.

கம்ப்ரஸரை எதிரும் புதிருமாக மாட்டி, ஜெயக்குமார் சொன்னபடி மாற்றி மாற்றி முறுக்கினாள். ஸ்பிரிங் சுருங்கியது. மேல் நட்டைக் கழற்றியதும் தொப்பி மாதிரி இருந்த இரும்புத் தட்டு கையோடு வந்தது. சிவப்பு ஸ்பிரிங் பழையதைவிடக் குட்டை. கொஞ்சம் அமுக்கினாலே இடத்தில் உட்கார்ந்தது.

முதல் முறையாக அன்று அவள் சிரித்தாள். “பாத்தியாப்பா?”

“பாத்தேன், பாத்தேன். மூஞ்ச தள்ளி வெய்.”

வலது பக்கம் சீக்கிரம் இறங்கியது. அதுதான் அவளை ஏமாற்றியது. கை பழகிவிட்டது என்று நினைத்தாள். கொக்கிகளை மாட்டினாள், முறுக்கினாள். சாந்திநாதன் எதிர்ப்பக்கம் குந்தி ஷாக் அப்சார்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் கொஞ்சம் கோணலாக நிற்பது போலிருந்தது. வெளிச்சம்தான் சரியில்லை போலும் என்று நட்டைக் கழற்றினாள்.

கடைசிச் சுற்று கழன்றபோது ஒரு கொக்கி கம்பியோடு மெதுவாக நகர்வதைப் பார்த்தாள்.

“அப்பா, நவுரு!”

கத்தியது மட்டுமில்லை. தோளால் அவர் மார்பில் மோதி அவரைப் பின்னால் தள்ளினாள். இருவரும் நெல் மூட்டைகளின் மேல் விழுந்தார்கள். துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். இரும்புத் தட்டு சாந்திநாதன் குந்தியிருந்த இடத்தைத் தாண்டிப் போய்த் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு நின்றது. கம்ப்ரஸர் எங்கோ மோதி உருண்டது. தகரம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஸ்ருதி அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். தலை, கன்னம், காது. அவள் கைக் கருப்பெல்லாம் அவர் முகத்தில் ஒட்டியது.

“ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல. நீ?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிராமி ஓடி வந்தாள். கிழிந்த தகரத்தைப் பார்த்தாள். கணவன் முகத்தில் இருந்த கருப்பைப் பார்த்தாள். ஈரக் கையால் மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“போதும்டி! யாருக்காக இது? அவனுக்குக் காட்டறதுக்கா? உங்கப்பன காவு குடுத்துட்டு அவனுக்குக் காட்டப்போறியா?”

“அத்த உடு பிராமி,” என்றார் சாந்திநாதன். எழுந்து நிற்க முயன்றார். முடியாமல் மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

ஸ்ருதி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் கிடந்த பழைய ஸ்பிரிங்கிடம் போனாள். அதன் அடிச்சுற்று முழுதாக இல்லை. ஒரு துண்டு தனியே கழன்று கிடந்தது. கொக்கி வழுக்கியதற்குக் காரணம் அதுதான். உடைந்த ஸ்பிரிங் நேராக நிற்காது.

துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உடைந்த வாயைப் பார்த்தாள். தொழிற்சாலையில் தினமும் பார்க்கிற பார்வைதான். புதிதாக உடைந்த இரும்பு சாம்பல் நிறத்தில் மின்னும். இது அடிவரை பழுப்பேறிக் கிடந்தது.

“இப்ப ஒடஞ்சதில்ல இது,” என்றாள் மெதுவாக. “ரொம்ப நாளாவே ஒடஞ்சிதான் இருந்திருக்குது. இந்த முனை டயரு பக்கத்துலதான் இருந்தது. வேகமா போவும்போது உள்ள குத்தியிருந்தா...”

இந்தக் காரில்தான் அபிஷேக் புனே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தான். இந்தக் காரில்தான் இருவரும் திருமுக்கூடலுக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, வருகிற வருஷத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவன் வேகமாகத்தான் ஓட்டினான்.

பிராமி உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இரும்பு புரியாது. மகளின் முகம் புரிந்தது. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

“விட்டுடலாமா?” என்றார் சாந்திநாதன்.

“ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் ஒடஞ்சது. இப்படி எப்படிப்பா விடறது?”

கம்ப்ரஸரின் திருகு வளையவில்லை. சிவப்பு ஸ்பிரிங்கை இந்த முறை சாக்குக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். கால் கால் சுற்றாக முறுக்கினாள். ஒவ்வொரு முறையும் கை நின்றது, பிறகு முறுக்கியது.

---

பின்பக்கம் எளிது. அச்சைத் தாழ இறக்கினால் ஸ்பிரிங் தானாகக் கையில் வந்துவிடும். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. கோயில் மதிலுக்கு மேல் வெயில் மஞ்சளாகிவிட்டது. சாந்திநாதன் அடிக்கடி மேற்கே பார்ப்பதை ஸ்ருதி கவனித்தாள்.

“நீ போய் சாப்பிடுப்பா. இது நான் முடிக்கறேன்.”

“தனியா எப்படி அச்ச தூக்குவே? பரவால்ல. ஒரு வேளைதானே.”

இன்று விட்டால் அவருக்கு நாளை காலைதான் சாப்பாடு. காலையிலிருந்து இரண்டு இட்லிக்கு மேல் உள்ளே போகவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. பிராமி ஒரு கையில் சாதப் பாத்திரமும் மறுகையில் தண்ணீர்ச் சொம்புமாக வந்து காருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“கை கழுவினா இந்தக் கருப்பு போவாது. பொழுதும் நிக்காது. வாயத் தொறங்க ரெண்டு பேரும்.”

“இன்னா பிராமி இது, கொழந்த மாதிரி...”

“தொறங்கன்றேன்.”

பருப்பு சாதத்தை உருட்டி, வாழைக்காய் வறுவலை அழுத்தி, முதலில் கணவன் வாயில் வைத்தாள். பிறகு மகள் வாயில். சாந்திநாதன் அச்சைத் தாங்கியபடியே மென்றார். ஸ்ருதி போல்ட்டைச் செருகியபடியே மென்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரம் நின்றது. துடைக்கக் கை இல்லை. பிராமி முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த உருண்டையை நீட்டினாள்.

“சண்ட போடறதானா வயிறு நெறைய சாப்ட்டுட்டுப் போடு,” என்றாள். “காலி வயித்துல பேசினா அழுக வந்துடும். அவன் ஜெயிச்சிடுவான்.”

கடைசி உருண்டைக்கும் கடைசி மிடறு தண்ணீருக்கும் வெயில் இருந்தது.

---

ஜாக்கியை இறக்கியபோது கார் இறங்கியது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் இறங்கியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான். அந்தப் பழைய கார் பாய்வதற்கு முன் பதுங்குகிற பிராணி மாதிரி இருந்தது. செமையாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கார் தன் எடையில் நின்றபின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஷேர் ஆட்டோ நிற்கும் சத்தம்.

அபிஷேக் கொட்டகை வாசலில் நின்றான். ஒரே ஒரு பை. இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவன் கண் முதலில் அவளிடம்தான் வந்தது, பிறகுதான் காருக்குப் போனது. அதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

“நீயா பண்ணே?”

“நானும் அப்பாவும்.”

“ஸ்ருதி, இது... நான் நெனைக்கவே இல்ல.” அவன் குனிந்து சக்கரத்தைத் தொட்டான். “சூப்பரா வந்துருக்குது.”

அவள் உடைந்த துண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்த ஒரு கணத்தில் ஸ்ருதிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“உனக்கு முன்னயே தெரியும்.”

“ஸ்ருதி...”

“தெரியுமா தெரியாதா?”

“தெரியும். பிரவீன்தான் அடியில பாத்துட்டு சொன்னான். இந்த மாடலுக்கு ஒரிஜினல் எங்கயும் கெடைக்கல. லோயரிங் ஸ்பிரிங்தான் கெடச்சது. அதனாலதான் வாங்கினேன்.”

“அப்ப பாக்க செமையா இருக்கும்னு சொன்னது?”

“ஒடஞ்சிதுன்னு சொன்னா நீ பயப்படுவ. வண்டியவே தொட விட மாட்ட.”

“திருமுக்கூடல் போனமே? அப்ப?”

அவன் தரையைப் பார்த்தான். “அப்ப தெரியாது.” பிறகு, “தெரியும்,” என்றான். “மெதுவா போலாம்னுதான் நெனச்சேன். நீ சிரிச்சிக்கினு வந்தியா... மறந்துட்டேன்.”

சாந்திநாதன் திரும்பிக்கொண்டார். கிழிந்த தகரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி நேராக்கினார்.

கோபம் வரும் என்று ஸ்ருதி நினைத்தாள். வந்தது வேறு. இத்தனை நாள் புனேதான் காரணம் என்று நினைத்திருந்தாள். ஸ்பிரிங் என்று நினைத்திருந்தாள். இரண்டுமில்லை. நல்லதோ கெட்டதோ, இவன் தனியாகவே தெரிந்துகொள்கிறான், தனியாகவே முடிவு செய்கிறான். பக்கத்து சீட்டில் அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் அவனுக்கு.

“இன்னைக்கு எங்கப்பா தலைக்கு இவ்ளோ தூரத்துல அந்தத் தட்டு போச்சு,” என்றாள். குரல் உயரவில்லை. “ஒடஞ்சிருக்குதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கொக்கிய வேற மாதிரி மாட்டியிருப்பேன்.”

அவன் முகம் வெளுத்தது. தகரத்தைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். “மாமா...”

“எனக்கு ஒண்ணுமில்ல மாப்ளை,” என்றார் சாந்திநாதன் திரும்பாமல்.

ஸ்ருதி காரின் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். “ஸ்பிரிங்கு மாத்துனா சக்கரத்த நேர் பண்ணணும். வெள்ளைகேட் பக்கம் அலைன்மென்ட் கடை தொறந்திருக்கும். ஏறு.”

“நான் ஓட்டறேனே.”

“ஏறுன்னேன்.”

அவன் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். அவள் சாவியைத் திருகினாள். நாள்பட நின்ற எஞ்சின் இருமி, விக்கி, பிடித்துக்கொண்டது. அவள் கியர் போடவில்லை.

“இன்னும் இன்னா சொல்லாம வெச்சிருக்கே? இப்பவே சொல்லு. வண்டி நகர்றதுக்கு முன்ன சொல்லு.”

அவன் மடியில் இருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்தான்.

“நான் புனேவுக்குப் போவவே இல்ல ஸ்ருதி.”

“இன்னா?”

“சென்ட்ரல்ல டிரெயின் ஏறினேன். அரக்கோணத்துலயே எறங்கிட்டேன். உன்ன விட்டுட்டுப் போவ முடியல. திரும்பி வந்து உன்கிட்ட நிக்கறதுக்கும் மூஞ்சி இல்ல.”

அவள் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. எஞ்சின் அதிர்வு முழங்கை வரை ஏறியது. அரக்கோணம். ஒரு பஸ் தூரம். இத்தனை நாளும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான் என்று நினைத்து அவள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறான்.

“அப்ப இத்தினி நாளா எங்க இருந்தே? யார் வீட்ல?”

அபிஷேக் அவளைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான்.

அங்கே சாந்திநாதன் நின்றிருந்தார். தகரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். மகளின் பார்வை தன் மேல் விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

ஸ்ருதி ஹாரனை அழுத்தினாள். ஒரு முறை, நீளமாக. கூரை மேல் அணில்கள் சிதறின. வீட்டு வாசலில் பிராமி எட்டிப் பார்த்தாள்.

“பொழுது போன நேரத்துல எங்கடி கெளம்பறீங்க?”

ஸ்ருதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அப்பா, சட்டையப் போட்டுக்கினு வா. நீயும் வண்டில ஏறு.”

சாந்திநாதன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். பொத்தான் போடாமலே வந்தார். அபிஷேக் இறங்கி, சீட்டை மடக்கி வழிவிட்டான். அந்தக் குறுகலான பின்சீட்டில் அவர் முழங்காலை மடித்துக்கொண்டு நுழைய, கார் இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது.

அவள் கியர் போட்டாள்.

“இப்ப யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க,” என்றாள்.